இஸ்தம்பூலம்மாவின் முகத்திரை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இதைப் படிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். நான் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிறகு நான் கற்ற தமிழெல்லாம், சட்டமிட வந்த படங்களின் பின்புறம் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள்களிலிருந்தும் இரவல் வாங்கிய நூல்களிலிருந்தும் கற்றது. நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் ஓவியக் காட்சியகத்தில், காகிதப் படங்களைப் பழுதுபார்க்கும் அறையில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த அறைக்கு அண்மையில் ஒரு கருவி வந்திருக்கிறது. படத்தைத் தொடாமலே, வண்ணத்துக்கு அடியில் மறைந்துள்ள பென்சில் கோட்டை அது திரையில் காட்டுகிறது. அதைப் பார்க்க வருமாறு இப்போது அங்கே பணிபுரிவோர் என்னை அழைத்திருந்தார்கள். நாவலூரிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் ஒரு பெண் என்னிடம், "இது இல்லாதப்ப எப்படி சார் தைரியமா கை வெச்சீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீடு வந்தபின் மனம் ஒப்பவில்லை. தைரியமாகக் கை வைத்தோம் என்று அவள் எண்ணியிருப்பது பிழை. அஞ்சிக்கொண்டேதான் வைத்தோம். எவ்வளவு அஞ்சினோம் என்பதை ஒரு படத்தை முன்னிட்டுச் சொல்ல முற்படுகிறேன்.

என் பெற்றோர் திருக்கழுக்குன்றத்துக்கு அருகே பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். நான் செங்கல்பட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் சேர்ந்தேன். முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மக்காவும் மாலையும் கழுத்துமான மணமக்களும் ஒரே மேசையில் வரிசையாகக் கிடக்கும் கடை அது. மைதாப் பசை காய்ச்சவும், கண்ணாடி அறுக்கவும், உடைந்த பூவேலைச் சட்டங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு ஒட்டிச் செதுக்கவும் அங்கே பழகினேன். பல ஆண்டுகள் அப்படியே ஓடின. காட்சியகத்தார் சட்டமிட ஆள் தேடியபோது கடைக்காரரே என்னை அனுப்பி வைத்தார்.

அங்கே எனக்கு மேலாக இருந்தவர் சண்முகவடிவு அம்மையார். திருநெல்வேலிக்காரர். அவர் கணவர் அணுமின் நிலையத்தில் பணியாற்றியதால் அணுபுரம் குடியிருப்பில் இருந்து வந்துபோவார். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தோம். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசைமேல் உள்ள பென்சில்களை எடுத்து, உயர வரிசையில் அடுக்கத் தொடங்குவார். அவர் அடுக்கி முடிக்கும்வரை அறையில் ஒருவரும் மூச்சு விடமாட்டோம்.

முதல் நாள் ஒரு பழைய துறைமுகப் படத்தை என் முன் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். மேலே கறை பட்டிருக்கிறது என்றேன். "கறைங்கிறது நீங்க நெனச்சது. கண்ணுக்கு என்ன தெரியுது, அதச் சொல்லுங்க" என்றார். நான் விழித்தேன். பிறகு, பழுப்பாகப் புளியங்கொட்டை அளவில் ஒன்று இருக்கிறது, அதன் ஓரம் நடுவைவிட அழுத்தமாக இருக்கிறது என்றேன். அவர் தலையசைத்தார். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை எந்தப் படத்தைத் தொடுமுன்னும் இந்தச் சடங்கு நடந்தது. முதலில் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகு நினைத்ததைச் சொல்லலாம். இரண்டும் முடிந்தபின்தான் கையுறை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு புயலின்போது கூரை ஓட்டிடுக்கில் நீர் இறங்கிப் பல படங்கள் ஈரமாயின. மின்சாரமும் இல்லை. பகல் முழுதும் மையொற்றுத் தாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். என் கை நடுங்குவதை மேடம் பார்த்துவிட்டார். எனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். "இருக்கட்டும். பயம் போயிட்டுன்னா என்கிட்டச் சொல்லுங்க, அன்னைக்கு உங்கள மேசைப் பக்கம் விட மாட்டேன்" என்றார். இது ஆறுதலா எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நிற்க. சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன்.

கோவளத்திலிருந்து ஜமீலா என்னும் அம்மையார் ஒரு நாள் காலை, பழைய பட்டுப் புடவையில் சுற்றிய சட்டமொன்றை மடியில் வைத்தபடி பேருந்தில் வந்து இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது. தையல் வேலை செய்து தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவருடைய முன்னோர் ஒருவர் கப்பலில் சமையற்காரராகப் போனவராம். இஸ்தம்பூல் நகரில் நோயுற்றுக் கரையிறங்கி, அங்கேயே தங்கி, ஒரு பெண்ணை மணந்து, பிறகு அவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கோவளம் திரும்பியதாகக் குடும்பத்தில் சொல்லி வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வழங்கும் பெயர் இஸ்தம்பூலம்மா. அவரோடு வந்த பொருள்களில் எஞ்சியது இந்தப் படம் ஒன்றே. இவையெல்லாம் அவர்கள் சொன்னபடி நான் எழுதுவன. மெய்ப்பிக்க என்னிடம் வேறு சான்று இல்லை.

படம் பள்ளிச் சிலேட்டின் அளவில் இருந்தது. நீர்வண்ண ஓவியம். தெருவோரத்து நீரூற்று ஒன்றின் அருகே தாழ்ந்த முக்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார்; அவரே இஸ்தம்பூலம்மா என்று வீட்டார் சொல்கிறார்கள். ஊதா நிற நீள அங்கி, மஞ்சள் காலணி. அங்கியின் நுனியைப் பிடித்தபடி ஒரு குழந்தை. பக்கத்தில் கழியில் வளைய வளையமாக ரொட்டிகளைக் கோத்து விற்கும் ஒருவன். பின்னால் கடல், பாய்மரப் படகுகள். கையெழுத்து இருந்திருக்க வேண்டிய மூலையை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. துருக்கிச் சுல்தான்கள் ஆண்ட அந்தக் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து இளமையில் அங்கே வந்து, ஊர் திரும்பாமல் அங்கேயே வீடு கொண்டு, படகோட்டியையும் பழக்காரனையும் காப்பிக் கடையையும் வரைந்து பயணிகளுக்கு விற்றுப் பிழைத்த ஓவியர்கள் சிலர் உண்டென்றும், அவர்களில் ஒருவர் கையாக இருக்கலாமென்றும் மேடம் சொன்னார். எவர் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் நெற்றியை ஒரு துணியும், கண்ணுக்குக் கீழே முகத்தை மற்றொரு துணியும் மூடியிருந்தன. நடுவில் கண்கள் மட்டும் தெரிந்தன. துணி இரண்டும் கறுப்பு. கோவளத்து வீட்டில் தலைமுறைகளாக அதைக் கறுப்புத் திரை என்றே அறிந்திருந்தார்கள். அதில் ஐயம் எழுந்தது எப்படி என்பதையும் ஜமீலா அம்மாவே சொன்னார்.

அவர் தம்பி காதருடைய மகளுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர், இஸ்தம்பூலைச் சுற்றிப் பார்த்து வந்தவர். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் கறுப்புத் திரையா போட்டார்கள்? மெல்லிய வெள்ளைத் துணிதான், உள்ளே முகம் முழுக்கத் தெரியும், அங்கே உள்ள படங்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன் என்று பலர் கேட்கச் சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. "மேல அழுக்கு ஏறிக்கினு கீது, அதான் தப்பிச்சீங்க. தொடச்சா வெள்ளக்காரனுக்கு மூஞ்சி காட்டிக்கினு குந்திக்கினு இருப்பாங்க உங்க அம்மா" என்றாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சு ஊரில் பரவிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிலர், எந்த மாதிரிக் குடும்பம் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"உள்ள மூஞ்சி இருந்தா இருக்கட்டும் மேடம். இருக்குன்னு தெரிஞ்சிக்கினு பேசறேன். தெரியாம எத்தினி நாளு வாய மூடிக்கினு இருக்கறது?" என்றார் ஜமீலா அம்மா.

மேடம் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார். நான் கண்டதைச் சொன்னேன்: கறுப்பு ஒரே சீராக இல்லை, சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பளபளப்பு இருக்கிறது, படகுப் பாய்களும் அதே கறுப்பு, ரொட்டிக்காரன் தலைப்பாகையிலும் மடிப்பின் மேடுகள் மட்டும் கறுத்திருக்கின்றன. மேடம் எழுந்து சன்னலுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து ஜமீலா அம்மாவின் காலைக் காட்டி, கொலுசு ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "கழிமுகத்துக்கு எதிர்க்க வூடு. சேறு நாத்தம் வந்தா வெள்ளி ஒரு வாரம் தாங்காது" என்றார்.

அதே காற்றுதான் என்றார் மேடம். அந்தக் கால வெள்ளை வண்ணம் ஈயத்தால் ஆனது. உப்பங்கழிச் சேற்றின் ஆவி பட்டால் வெள்ளி கறுப்பதுபோல் அதுவும் கறுக்கும். ஆகவே அது துடைக்கக்கூடிய அழுக்கு அன்று. வெள்ளையே கறுப்பாக மாறியிருக்கிறது. திரும்ப வெள்ளையாக்க ஒரு வழி உண்டு. ஆனால் செய்தபின் பழையபடி ஆக்க வழியில்லை. படம் அட்டையோடு இறுக ஒட்டப்பட்டிருப்பதால் பின்னாலிருந்து விளக்குப் பிடித்துப் பார்க்கவும் இயலாது. "திருப்ப முடியாதத நான் அவசரத்துல செய்ய மாட்டேன்மா" என்று முடித்தார். படத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு ஜமீலா அம்மா போனார்.

அதன்பின் எனக்குத் தூக்கம் குறைந்தது. காரணம் காதர். நான் வீடு திரும்பும் வழியில், கோவளத்தில் பேருந்து மாறும் இடத்துத் தேநீர்க் கடையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். கையில் எண்ணெய்க் கறையோடு வந்து, எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார். சண்டைக்கு வருவார் என்று நான் எதிர்பார்த்திருந்ததால், அந்தத் தேநீர் எனக்கு இன்னும் அச்சத்தையே தந்தது.

"அண்ணாத்த, அவங்க மூடிக்கினு ஒக்காந்தாங்க. இத்தினி காலமா மூடிக்கினே இருந்தாங்க. தொறக்கறதுக்கு நீ யாரு, உங்க மேடம் யாரு?"

நாங்கள் திறக்கப் போவதில்லை, துணியை முன்பு இருந்த நிறத்துக்குக் கொண்டுவரப் போகிறோம் என்று ஏதோ சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். "வெள்ளையாக்கனா உள்ள தெரியுமா தெரியாதா, அத சொல்லு" என்றார். தெரியாது என்பதே உண்மை. ஆனால் அதைத் தெரியாது என்று சொன்னால், முகம் தெரியாது என்று பொருள் கொண்டுவிடுவாரோ என்று அஞ்சி, எனக்கே விளங்கவில்லை என்று மாற்றிச் சொன்னேன். "என் பொண்ணு கல்யாணம் இதுல தொங்கிக்கினு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாள்தோறும் அந்தப் பேருந்து நிறுத்தத்தைத் தேநீர்க் கடைப் பக்கம் பாராமலே கடந்தேன்.

நடந்ததை மேடத்திடம் சொன்னேன். அவர் பென்சில்களை அடுக்கவில்லை. காதர் கேட்டது சரியான கேள்வி என்றார். அக்காள் தம்பி இருவரையும் வரச்சொல்லி, இருவரும் ஒரே மனத்தோடு சொன்னால் செய்வேன், இல்லையேல் படத்தைத் தூசி தட்டிப் புதுச் சட்டம் போட்டு அனுப்பிவிடுவேன் என்று தெரிவித்தார். முதலில் பின்னணியில் உள்ள ஒரு படகுப் பாயில் செய்து காட்டுவதாகவும் சொன்னார்.

செய்முறையை இங்கே சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். பெராக்சைடு என்னும் நீர்மத்தின் ஆவி பட்டால் அந்தக் கறுப்பு வெளுக்கும். ஆனால் நீர்மமே படத்தின்மேல் படக்கூடாது. நீர்வண்ணம் கோந்தில் நிற்பது. ஒரு சொட்டு விழுந்தால் கண்ணும் புருவமும் கரைந்து ஓடிவிடும். ஆகவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிறு கட்டி வார்த்து, அதன் அடிமுகத்தை வெளுக்க வேண்டிய பகுதியின் வடிவுக்குச் செதுக்கி, பெராக்சைடை உறிஞ்சவிட்டு, படத்துக்கு மேலே, தொட்டும் தொடாமலும் தலைகீழாக நிறுத்த வேண்டும். கட்டி வார்ப்பது என் பொறுப்பு. சோப்புப் பெட்டி மூடியை அச்சாகக் கொண்டேன். காற்றுக்குமிழி உள்ள கட்டி ஒருபுறம் ஈரத்தைத் தேக்கிச் சொட்டும். எனவே வார்த்த ஒவ்வொன்றையும் ஊறவைத்து, மையொற்றுத் தாளுக்குமேல் தொங்கவிட்டு, சொட்டு விழுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்ததைப் போட்டு உடைப்பேன். நல்லது என்று தேறியதைக்கூட மறுநாள் நம்பமாட்டேன்.

பாயில் செய்தோம். கட்டியை விலக்கியபோது, அடுப்புக்கரிபோல் இருந்த சிறு முக்கோணம் பாலாடை நிறத்தில் இருந்தது. ஜமீலா அம்மா பூதக்கண்ணாடியில் பார்த்து, "எங்க கப்பலு விடிஞ்சிருச்சு" என்றார். காதர் தாமும் சம்மதிப்பதாகவும் ஆனால் ஒரு நிபந்தனை உண்டென்றும் சொன்னார். திரைக்குள் முகம் இருந்தால் அதை முதலில் தம் அக்காள்தான் பார்க்க வேண்டும். பிற ஆண்கள் பார்க்கலாகாது. அக்காள் பார்த்துச் சொல்லும்வரை தாமும் பார்க்கப் போவதில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். கட்டியைப் பூட்டிய தாங்கியை ஏற்றி இறக்கும் திருகாணி என் கையில் இருப்பது. மேடத்துக்கு ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் விளக்கு. வேறு பெண் உதவியாளர் அப்போது எங்களிடம் இல்லை. இறக்கும்போது நான் பார்க்கலாம். கட்டியே துணியை மறைத்துவிடும். ஏற்றும்போதுதான் துணி வெளிப்படும். "பாக்காம ஏத்துவீங்களா?" என்று கேட்டார். ஏற்றுகிறேன் என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அறியேன்.

அன்றிலிருந்து நான் வெறும் காகிதத்தை வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் மட்டும் திருகாணியை உணர்ந்து ஏற்றிப் பழகினேன். ஒருமுறை கட்டி சாய்ந்து காகிதத்தில் இடித்தது. அங்கே அந்த அம்மாவின் கண் இருந்திருக்கும் என்று எண்ணியபோது எனக்கு வியர்த்துவிட்டது. மேடம் புதுத் தாளை எடுத்து வைத்து, மறுபடி என்று கையால் காட்டினார்.

மழைக்காலம் கழிந்து காற்றில் ஈரம் குறைந்த ஒரு முற்பகலில் செய்தோம். அறையில் நாங்கள் நால்வர் மட்டுமே. திரைப் பகுதி மட்டும் வெளித்தெரியும்படி அட்டையில் துளையிட்டு மற்றதை மூடினோம். முகத்துணி என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. கட்டியை ஊறவைத்து, மையொற்றுத் தாளில் சோதித்து, தாங்கியில் பூட்டி, பக்கவாட்டில் குனிந்து இடைவெளியைப் பார்த்தபடி இறக்கினேன். நூலிழை வெளிச்சம் தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். பிறகு காத்திருப்பு.

ஏற்றச் சொல்லி மேடம் குரல் கொடுத்ததும் நானும் காதரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை ஒன்றைத் தவிர எதுவுமில்லை. என் கை மட்டும் பின்னால் நீண்டு திருகாணியில் இருந்தது. காதும் உடம்பும் முதுகுப் பக்கமே இருந்தன. ஒரு சொட்டு விழுந்தால் அது விழும் ஓசைகூட எனக்குக் கேட்காதே என்ற எண்ணம் ஒன்றே மனத்தில் சுற்றிற்று.

"அண்ணாத்த, இன்னா பண்றாங்க?" என்று காதர் மெல்லக் கேட்டார்.

"தெரியலங்க."

"உன் கை ஆடுது."

"பேசாதீங்க, இன்னும் ஆடும்."

மேடம் இன்னும் ஒரு முறை என்றார். கட்டி மேலே வரும்வரை மேடம் துணியை ஒரு தாளால் மறைத்திருக்க, மறுபடி ஊறவைத்தேன், சோதித்தேன், இறக்கினேன். மறுபடி சுவர். நடுவே மின்சாரம் போய்க் குளிரூட்டி நின்றது. என் நெற்றி வியர்வை புருவத்தில் வந்து நின்றதை உணர்ந்தேன். துடைக்க ஒரு கை இருந்தும் அசையத் துணியவில்லை. பக்கத்தில் காதரின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. தம் மகளுக்காக ஓதுகிறாரா, படத்தில் உள்ள இஸ்தம்பூலம்மாவுக்காகவா என்று கேட்கக்கூடிய நேரம் அது அன்று.

மூன்றாம் முறை ஏற்றியபின் மேடம் வழக்கமாகச் சொல்லும் "சரி"கூட வரவில்லை. ஜமீலா அம்மாவின் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. கெட்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

"காதரு, திரும்பு" என்றார் ஜமீலா அம்மா. "அண்ணே, நீங்களும் திரும்புங்க."

காதர் அசையவில்லை. "நீ பாத்துக்க. நான் வரல."

"திரும்புடா. பாக்கக் கூடாதது ஒண்ணும் இல்ல."

திரும்பினோம். துணி வெள்ளையாகி இருந்தது. தேங்காய்ப்பாலில் தண்ணீர் ஊற்றினாற்போன்ற மெல்லிய வெள்ளை. மூக்கின் மேட்டிலிருந்து கழுத்துவரை விழும் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. நிச்சயத்தில் அந்த மாமா சொன்னது உண்மைதான். அது உள்ளே இருப்பதைக் காட்டும் துணி. ஆனால் உள்ளே மூக்கில்லை, வாயில்லை, கன்னமில்லை. வெறும் காகிதம் இருந்தது.

காதரின் முகம் வெளுத்தது. "அழிஞ்சிருச்சா? இருந்து, நீங்க பண்ணதுல அழிஞ்சிருச்சா?"

அவர் கேட்டது என் நெஞ்சில் இருந்த கேள்வியே. மேடம் எழுந்து தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் வைத்தார். "நெனச்சது வேண்டாம். பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றார்.

எஞ்சின் பார்க்கும் கண் அது. காதர் குனிந்து நேரமெடுத்துப் பார்த்தார். புருவத்துக்கும் கண்ணுக்கும் பென்சில் கோடு இருக்கிறது என்றார். அது எங்கே முடிகிறது என்று மேடம் கேட்டார். துணியின் விளிம்பில் என்றார். கண்ணைச் சுற்றி உள்ள தோல் நிறம்? அதுவும் துணியின் விளிம்பில், அங்கே ஓரம் சற்று அழுத்தமாக இருக்கிறது என்றார். நீர்வண்ணம் தானாக நிற்கும் இடத்தில்தான் அப்படி ஓரம் கட்டும், கரைந்தோ அழிந்தோ போயிருந்தால் அந்த ஓரம் முதலில் போயிருக்கும் என்று மேடம் விளக்கினார். ரொட்டிக்காரன் மீசையில் ஒவ்வொரு மயிரையும் எழுதியிருந்த கை அது. குழந்தையின் சட்டைப் பொத்தானைக்கூட விடவில்லை.

காதர் கண்ணாடியை எடுக்கவில்லை. "நின்னுட்டான்" என்றார். "இங்க வரைக்கும் வந்து நின்னுட்டான்."

"அவங்க வாணாம்னு சொல்லி இருப்பாங்க. அவனும் சரின்னு இருக்கான்" என்றார் ஜமீலா அம்மா.

மேடம் தலையை ஆட்டினார். "அப்படின்னு நான் எழுத முடியாதும்மா. அவருக்கு நேரம் இல்லாம இருந்திருக்கலாம், வேற காரணம் இருக்கலாம். துணிக்குக் கீழ காகிதம் இருக்கு, கோடு இல்ல, வண்ணம் இல்ல. அவ்வளவுதான் எழுதுவேன்."

"நீங்க காகிதம்னே எழுதுங்க மேடம். மத்தத நான் என் வாயால சொல்லிக்கிறேன்."

காதர் எழுந்தார். கையுறை இல்லாத கையால் படத்தைத் தொடப்போய், நினைவு வந்தவராய் நிறுத்திக்கொண்டு, என் தோளைத் தொட்டார். என் சட்டை முழுதும் நனைந்திருந்ததை அப்போதுதான் இருவரும் உணர்ந்தோம்.

படத்தைக் காற்றுப் புகாத சட்டத்தில் இட்டு, கழிமுகக் காற்று வராத உள்ளறைச் சுவரில் மாட்டச் சொல்லி அனுப்பினோம். திருமணம் நடந்தது. நானும் சென்றிருந்தேன். அந்த மாமாவை ஜமீலா அம்மா தாமே கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனார். உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவர் பந்தியில் என் எதிரே அமர்ந்து, தலை நிமிராமல் பிரியாணி உண்டார்.

பின்னர் மேடத்தின் கணவர் ஓய்வு பெற்று அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜமீலா அம்மா இறந்துவிட்டார். காட்சியகக் கோப்பில் மேடம் எழுதிய இரண்டே வரிகள் உள்ளன: துணிக்குக் கீழே காகிதம், கோடும் வண்ணமும் இல்லை. அவை உண்மை, ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் யார் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள், யார் சுவரைப் பார்த்து நின்றோம், யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் இல்லை. ஆகவே ஐயா, அம்மையீர், இந்த எழுத்தை அந்தக் கோப்போடு சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அருள்தாஸ்